கரடி தொங்கும் வீடு

முதல் படத்தில் வீடு இல்லை.
நான்கு முளைக்குச்சி, ஒரு சணல் கயிறு,
கயிற்றைத் தாண்டிக் குதிக்கும் யாருடையதோ நாய்.
"இதுதான் வரவேற்பறை" என்று எழுதியிருந்தான்
கொழுந்தன் அகிம்.
நான் அப்போது தெசலோனிக்கியில்
ஒரு பல்மருத்துவரின் நாலாவது மாடியில்
ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே
சன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன்.
ஈரவிரல் பட்டுப் படம் பெரிதாகி
நாய் மட்டும் தெரிந்தது.

ஞாயிறு தவறாமல் படம் வரும்.
தவறினால் பணம் தீர்ந்தது என்று பொருள்.
என் கணக்கில்
ஒரு மூட்டை சிமெண்ட் ஐந்து சன்னல்.
ஒரு கட்டுக் கம்பி,
கிழவர் ஸ்தமாத்திஸ் வீட்டுப் பால்கனிக் கதவுகள்
மொத்தமும், இரண்டு தடவை.
பெஸ்மிர் பீச் பழப் பெட்டிகளில் எண்ணுவான்.
இரவில் இரண்டையும் கூட்டுவோம்.
எப்படிக் கூட்டினாலும் ஒரு சுவர் குறையும்.

அஸ்திவாரம் எழும்பியதும் அகிம் பேசினான்:
"அண்ணி, கண்பட்டுவிடும்.
தொங்கவிட ஏதாவது அனுப்புங்கள்."
லுலியெட்டாவின் கரடியை அனுப்பினேன்.
நாலு வயசு. மூன்று நாள் அழுதாள்.
பஸ் டிரைவர் அதைப் பக்கத்து இருக்கையில் வைத்து
எல்லை தாண்டினானாம்.
அடுத்த ஞாயிறு
மூலைத் தூணின் கம்பியில்
கழுத்தில் சுருக்கோடு தொங்கியது,
என்னவோ குற்றம் செய்த மாதிரி.

இரண்டாம் வருஷம் கரடி பழுப்பு.
மூன்றாம் வருஷம் பெஸ்மிருக்கு முதுகு பிடித்துக்கொண்டது,
படமே இல்லை.
ஐந்தாம் வருஷம் தளம் போட்டார்கள்.
கரடியும் ஒரு மாடி ஏறியிருந்தது,
வெளுத்து, ஆட்டுக்குட்டி போல.

நான் கேட்டது ஒன்றே ஒன்று.
பாத்திரத் தொட்டிக்கு மேலே ஒரு சன்னல்.
கை தண்ணீரில் இருக்கும்போது
கண் தக்காளிக் குடில்களில் இருக்க வேண்டும்.
"ஆகட்டும் அண்ணி."
படங்கள் எல்லாம் முன்பக்கத்திலிருந்தே வந்தன.

ஆகஸ்டில் போனோம்.
லுஷ்ன்யா தாண்டி மண்பாதை, வாய்க்கால், வீடு.
படத்தைவிடச் சின்னது;
குரல் கொடுத்தால் மட்டும் பெரியது.
சமையலறையில் சன்னல் இருந்தது,
என் நெற்றிக்கு ஒரு சாண் மேலே.
வானம் தெரிந்தது. ஒரு மின்கம்பி.

மேஸ்திரி நெஜ்மி பக்கத்தில் வந்து நின்றார்.
அவருக்குத் தாடை மட்டம்.
"எனக்குச் சரியாகத்தானே இருக்கிறது?"
நீங்களா பாத்திரம் கழுவப் போகிறீர்கள் என்றேன்.
பெஸ்மிர் செருமினான்.
அகிம் வெளியே போய்க் கரடியைப் பார்த்தான்.

பதினொரு வருஷம் ஊரார் சன்னல்களில் நின்றவள் நான்.
எந்த உயரத்தில் எது தெரியும் என்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.
உடைந்த செங்கல் துண்டை எடுத்து
என் மார்புக்கு நேரே சுவரில் ஒரு கோடு கிழித்தேன்.
கோடு கோணல்தான்.
"இங்கிருந்து இடியுங்கள்."
மனசுக்குள் ஒரு குரல்: நாற்பது சன்னல்,
ஒரு சன்னலை இறக்க.

வியாழக்கிழமை இடித்தார்கள்.
பத்து வயது லுலியெட்டா
தூசிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு
மேலே கை காட்டிக் கிரேக்கத்தில் கேட்டாள்:
"பாவம், யாரும்மா அதைத் தூக்கில் போட்டது?"
சுத்தியல் சத்தத்தில் கேட்காதது போல இருந்துவிட்டேன்.
இறக்கலாமா என்று அகிமிடம் அப்புறம் கேட்டேன்.
"கம்பி இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறதே அண்ணி,
வீடு முடியவில்லையே."

சாயங்காலம் பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து
ஐந்து காபிக் கோப்பைகளை மெதுவாகக் கழுவினேன்.
குடில்களின் பிளாஸ்டிக் படபடத்தது.
கதவோரம் ஒரு பெண்
சைக்கிளை நிறுத்திவிட்டுக் கால் உதறினாள்.
நெஜ்மி தலையை நீட்டினார்:
"கண்ணாடி எப்போது போடலாம்?"

அவசரமில்லை என்றேன்.
கண்ணாடி இல்லாத சன்னலை
யாரும் துடைக்க வேண்டியதில்லை.